‘மேனேஜ்மென்ட் சரியில்லை’ என்று சொல்வதற்கு முன்: ஐபிஎல் அணி நிர்வாகத்தை ஆதாரத்தோடு விவாதிக்க ஒரு வழிகாட்டி

2025 சீசனில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. அந்த சீசனைப் பற்றிய வாக்குவாதம் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இன்னும் ஓயவில்லை. புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பேச ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் எதிரில் இருப்பவர் “நீ என்ன கிரிக்கெட் ஆடியிருக்கியா?” என்று கேட்பார். பதில் இருக்காது. கையில் ஆதாரம் இருந்தால் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை.

இதற்குப் பணம் செலவாகாது. தேவையான தாள்கள் எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. முதல் தடவை இரண்டு மாலை நேரங்கள் ஆகும். பழகிய பின் ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் போதும். உதாரணங்களைச் சென்னை அணியிலிருந்து எடுத்திருக்கிறோம். முறை எந்த அணிக்கும் பொருந்தும்.

1. கேள்வியை உடையுங்கள்

‘மேனேஜ்மென்ட்’ என்பது ஒரு ஆள் இல்லை. ரீடென்ஷன் (பழைய வீரர்களைத் தக்கவைப்பது), ஏலம், ட்ரேட் (அணிகளுக்கு இடையே வீரர் பரிமாற்றம்), பிளேயிங் லெவன் (களமிறங்கும் பதினொருவர்), ஆட்டத்தின் நடுவே எடுக்கும் முடிவு என்று ஐந்து தனித்தனி வேலைகள் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்களில், வேறு வேறு தகவல்களை வைத்து முடிவு செய்கிறார்கள். “ஏலத்துல கோட்டை விட்டாங்க” என்று தொடங்கி, அதற்குச் சான்றாக 17-ஆவது ஓவரை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைக் காட்டினால் இரண்டு வாதமும் சேர்ந்து விழும்.

நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் யார், எந்த முடிவு, எந்தத் தேதி என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை நிரப்ப முடியாவிட்டால் அந்தக் கேள்வியை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

2. முடிவு எடுத்த தேதியில் போய் நில்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். ரசிகர்களின் சண்டையில் பாதிக்கு மேல் தேதிக் குழப்பம்தான்.

தீபக் சாஹர் நல்ல உதாரணம். 2022 மெகா ஏலத்தில் (பெரும்பாலான வீரர்கள் மீண்டும் ஏலத்துக்கு வரும் பெரிய ஏலம்) சென்னை அவரை 14 கோடிக்கு வாங்கியது. அந்த சீசன் முழுக்க அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. “காயம்பட்ட ஆளுக்கு 14 கோடியா?” என்று இப்போதும் கேட்பார்கள். ஏலம் நடந்தது பிப்ரவரி 12, 13. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டி20 ஆட்டத்தில் அவர் காயம்பட்டது பிப்ரவரி 20. ஏல மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து நடக்கப்போவது தெரியாது. 14 கோடி அதிகம் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் காயத்தை அதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

2025 சீசனுக்குக் குறைந்தபட்சம் இந்தத் தேதிகளை வைத்துக்கொள்ளுங்கள். ரீடென்ஷன் விதிகள் அறிவிப்பு, செப்டம்பர் 2024 இறுதி. ரீடென்ஷன் கெடு, அக்டோபர் 31. ஜெட்டாவில் மெகா ஏலம், நவம்பர் 24, 25. முழங்கை எலும்பு முறிவால் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் விலகியதாக அறிவிப்பு, 2025 ஏப்ரல் 10. கெய்க்வாட் இல்லாத டாப் ஆர்டரைக் காட்டி நவம்பர் ஏலத்தைத் திட்டுபவர், நான்கரை மாதம் கழித்துத் தெரிந்ததை வைத்துத் திட்டுகிறார்.

3. தாள்களைச் சேகரியுங்கள்

வேண்டியவை ஆறு: அணிகள் வெளியிட்ட ரீடென்ஷன் பட்டியல், வீரர் வாரியாக ஏல விலை, அந்த சீசனின் ஏல விதிகள், ஸ்கோர்கார்டு, பந்து வாரியான விவரம், அணியோ ஐபிஎல் அமைப்போ வெளியிட்ட காயம் மற்றும் மாற்று வீரர் அறிவிப்புகள். ஸ்கோர்கார்டு மட்டும் பார்த்துப் பேசாதீர்கள். 30 பந்தில் 35 என்று ஸ்கோர்கார்டு சொல்லும். முதல் 20 பந்தில் 12 எடுத்துவிட்டு ஆட்டம் கைவிட்டுப் போன பின் அடித்ததா என்பதைப் பந்து வாரியான விவரம்தான் சொல்லும்.

டிவியில் வரும் வண்ணப் பட்டைகளையும் வாட்ஸ்அப்பில் சுற்றும் புள்ளிவிவரப் படங்களையும் தாளாகக் கணக்கில் வைக்காதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, குறைந்தபட்சம் எத்தனை பந்து என்ற இரண்டும் அவற்றில் இருக்காது. அந்த இரண்டும் இல்லாத எண்ணை யாரும் எந்தப் பக்கமும் திருப்பலாம்.

4. பர்ஸ் கணக்கைப் போடுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கே. அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

2025 மெகா ஏலத்துக்கு ஒவ்வொரு அணிக்கும் பர்ஸ், அதாவது வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகை, 120 கோடி. சென்னை தக்கவைத்தவர்கள் ஐந்து பேர். கெய்க்வாட் 18, ஜடேஜா 18, பதிரனா 13, ஷிவம் துபே 12, தோனி 4. மொத்தம் 65 கோடி போக, ஏலத்துக்கு மிஞ்சியது 55. அணியில் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர் இருக்கலாம். ஆக, 55 கோடியில் குறைந்தது 13 பேரை வாங்கியாக வேண்டும்.

“துபேவை விட்டிருந்தா 12 கோடி மிஞ்சியிருக்கும்” என்று சட்டென்று கழிப்பார்கள். விதி அவ்வளவு நேராக இல்லை. சர்வதேச ஆட்டம் ஆடிய வீரர்களைத் தக்கவைத்தால் பர்ஸிலிருந்து கழியும் தொகை 18, 14, 11, 18, 14 என்ற வரிசை. சர்வதேச ஆட்டம் ஆடாதவர் என்ற பிரிவில் ஒருவருக்கு 4. அந்தத் தொகைக்குள் யாருக்கு எவ்வளவு என்பதை அணி பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கொடுத்த சம்பளமா, வரிசைப்படி வரும் கூட்டுத்தொகையா என்று பார்த்து, எது அதிகமோ அதுதான் கழியும். கொல்கத்தா தன் ஆறு பேருக்கும் கொடுத்தது 57 கோடி. வரிசைப்படி 69 வரும் என்பதால் 69 கழிந்து, அதன் கையில் 51தான் மிஞ்சியது.

இதைச் சென்னைக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு 18, 14, 11, 18, கூட்டினால் 61. கொடுத்ததும் 61. நான்காவது ஆளே இல்லாமல் மூன்று பேரோடு நின்றிருந்தால் வரிசைத்தொகை 43. கெய்க்வாட், ஜடேஜா, பதிரனா மூவருக்கும் அதே 18, 18, 13 கொடுத்திருந்தால் 49. எது அதிகமோ அது என்பதால் 49 கழிந்து, மிச்சம் 12 கோடி. மூவரின் சம்பளத்தையும் 43-க்குள் குறைக்க அவர்கள் சம்மதித்திருந்தால் மட்டுமே மிச்சம் 18. ஆக, “எவ்வளவு மிஞ்சியிருக்கும்?” என்பதற்கு 12 முதல் 18 வரை என்பதே சரியான பதில். எந்த எண்ணை எடுக்கிறோம், ஏன் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

தோனியின் 4 கோடியும் இப்படித்தான். ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச பிளேயிங் லெவனில் இடம்பெறாத இந்திய வீரரைச் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் பிரிவில் வைக்கலாம் என்ற விதிதான் அதற்குக் காரணம். அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம் 2019 உலகக் கோப்பை அரையிறுதி. 4 கோடிக்கு அந்த ஏலத்தில் வேறு யார் கிடைத்தார்கள் என்பதோடுதான் அந்த இடத்தை ஒப்பிட வேண்டும். அவர் முன்பு வாங்கிய 12 கோடியோடு ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

ட்ரேட் என்றால் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைச் சென்னை எடுத்தது. சென்னைப் பர்ஸிலிருந்து விலகிய சுமை 18-உம் 2.4-உம் சேர்த்து 20.4 கோடி, ஏறிய சுமை 18. நிகரமாக 2.4 கோடி மிச்சம். ராஜஸ்தானில் ஜடேஜாவின் சம்பளம் 14 ஆகக் குறைந்தது அந்த அணிக்கு லாபம். சென்னைக் கணக்கில் அது ஒரு ரூபாயைக்கூட மாற்றாது. இரண்டு அணிகளின் கணக்கையும் கலந்து “4 கோடி நஷ்டம்” என்பவரிடம் இந்த நான்கு எண்களை எழுதிக் காட்டினால் போதும்.

5. “வேற யாரை எடுத்திருக்கலாம்?” என்பதற்குப் பெயரோடு பதில் வையுங்கள்

மாற்று சொல்லாத விமர்சனம் ஆதங்கம் மட்டுமே. ஆதங்கப்பட ரசிகனுக்கு முழு உரிமை உண்டு; அதை ஆதாரம் என்று வைக்காதீர்கள். மாற்று என்றால் நான்கு விஷயம் வேண்டும்: பெயர், விலை, அவர் பெயர் வந்த நேரத்தில் பர்ஸில் இருந்த தொகை, வெளிநாட்டு வீரர் என்றால் இடம். அணியில் எட்டு வெளிநாட்டு வீரர்கள் இருக்கலாம். பிளேயிங் லெவனில் நான்கு பேர்தான். ஐந்தாவது நல்ல வெளிநாட்டு வீரரைக் கேட்பவர், யாரை உட்கார வைப்பது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏல விலையில் ஒரு மறைவான பிழை இருக்கிறது. கே.எல். ராகுலை டெல்லி 14 கோடிக்கு வாங்கியது. “நாம 14-க்கு எடுத்திருக்கலாமே” என்பார்கள். 14 என்பது மற்றவர்கள் விலகிய புள்ளி. இன்னொரு அணி கையை உயர்த்தியிருந்தால் டெல்லியும் தொடர்ந்திருக்கலாம், விலை அங்கேயே நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. எந்த வீரருக்கும் அவர் போன விலைக்கு மேல் சில கோடிகளைக் கூட்டித்தான் உங்கள் மாற்றுக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

ரைட் டு மேட்ச் அட்டையிலும் (ஏலத்தில் இன்னொரு அணி கேட்ட விலையைக் கொடுத்துத் தன் பழைய வீரரைத் திரும்ப எடுக்கும் உரிமை) இதே நிலைதான். ரீடென்ஷனும் அட்டையும் சேர்த்து ஆறுதான் என்பதால் ஐந்து பேரைத் தக்கவைத்த சென்னையிடம் ஒரே ஒரு அட்டை இருந்தது. 2025-க்கான விதிப்படி, அட்டையை நீட்டிய பின் அதிக விலை கேட்ட அணி ஒரு தடவை விலையை ஏற்றலாம். ரச்சின் ரவீந்திராவுக்குப் பஞ்சாப் ஏற்றியது. சென்னை 4 கோடிக்கு எடுத்தது. அட்டை இருந்தால் பழைய விலைக்கே கிடைத்திருக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த விதியைப் படிக்காதவர்கள்.

6. எண் போதுமா என்று சோதியுங்கள்

14 ஆட்டம் என்பது சிறிய எண். நாணயத்தை 14 முறை சுண்டினால் நான்கோ அதற்குக் குறைவாகவோ தலை விழ 9 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து முதல் ஒன்பது வரை விழ 82 சதவீதம். நடுத்தரமான ஒரு அணி எந்தத் தவறும் செய்யாமலே நான்கு அல்லது அதற்கும் குறைவான வெற்றியோடு முடிக்கப் பதினொன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பத்து அணிகள் ஆடும் தொடரில் அது அரிதே இல்லை. 2025 வெறும் துரதிர்ஷ்டம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். பட்டியலின் கடைசி இடம் மட்டுமே போதுமான சான்று ஆகாது.

கேப்டன் மாற்றத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள். 2022-இல் ஜடேஜா தலைமையில் எட்டில் இரண்டு வெற்றி. தோனி திரும்பிய பின் ஆறில் இரண்டு. 2025-இல் கெய்க்வாட் தலைமையில் ஐந்தில் ஒன்று. அதன் பின் தோனி தலைமையில் ஒன்பதில் மூன்று. ஜடேஜாவின் விகிதத்தில் அந்த ஆறு ஆட்டம் ஆடியிருந்தால் ஒன்றரை வெற்றி. கெய்க்வாடின் விகிதத்தில் அந்த ஒன்பது ஆடியிருந்தால் 1.8. முதல் தடவை வித்தியாசம் அரை ஆட்டம், இரண்டாவது தடவை ஓர் ஆட்டத்துக்குச் சற்று அதிகம். “தல வந்ததும் மாறிச்சு” என்றோ “யார் வந்தும் பிரயோஜனமில்லை” என்றோ இந்த எண்களால் நிரூபிக்க முடியாது. எந்தப் பக்கம் நின்றாலும் பந்துவீச்சு மாற்றம், ஃபீல்டிங் அமைப்பு போன்ற வேறு சான்று தேவைப்படும்.

விலையும் பலனும் ஒன்றாகப் போவதில்லை என்பதற்கு 2023 போதும். பென் ஸ்டோக்ஸ் 16.25 கோடி, ஆடியது இரண்டு ஆட்டம். அஜிங்க்ய ரஹானே 50 லட்சம். 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் (100 பந்துக்கு எடுத்த ரன்) 172. அணி கோப்பையை வென்றது. வென்றதால் ஸ்டோக்ஸ் முடிவு சரியாகிவிடாது. ரஹானேவைக் காட்டி “மலிவா வாங்குறதுதான் புத்திசாலித்தனம்” என்ற விதியையும் எழுதிவிட முடியாது.

7. கருத்துக்கு எடை போடுங்கள்

முன்னாள் வீரர் சொன்னார் என்பதற்காக ஏற்கவோ, அவர் வேறு அணி ஆள் என்பதற்காகத் தள்ளவோ வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். அவர் நேரில் பார்த்ததைச் சொல்கிறாரா? சொல்வதால் அவருக்கு லாபமா நஷ்டமா? தாளோடு ஒத்துப்போகிறதா?

2025 மார்ச் 28, சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் 50 ரன்னில் தோல்வி. அதன் பின் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங், சில ஆண்டுகளாகவே சேப்பாக்கத்தில் தங்களுக்குச் சொந்த மண்ணின் சாதகம் இல்லை என்றார். பிட்ச் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பவர் அவர். அந்த அளவில் அது மதிப்பான சாட்சி. தோற்ற அன்று பேசுகிறார் என்பதால் அதில் தற்காப்பும் இருக்கும். தாளைப் பார்த்தால் 2024-இல் சேப்பாக்கத்தில் ஏழில் ஐந்து வெற்றி, 2025-இல் ஆறில் ஒன்று. ‘சில ஆண்டுகளாக’ என்ற பகுதி முந்தைய ஆண்டின் பதிவோடு இடிக்கிறது. ‘இந்த ஆண்டு பிட்ச் பிடிபடவில்லை’ என்ற பகுதி நிற்கிறது. ஒரே பேச்சில் ஒரு பாதியை ஏற்று மறுபாதியைக் கேள்வி கேட்கலாம். அப்படிச் செய்வதுதான் நியாயம்.

அதே ஆட்டத்தில் தோனி ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 எடுத்தார். மைதானமே கொதித்தது, அந்தக் கோபம் புரிகிறது. அடுத்த ஆட்டத்துக்குப் பின் ஃபிளெமிங், தோனியின் முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது என்று விளக்கினார். அணிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த தகவல் இது. இதற்குப் பின்னும் “ஏழாவதாக வந்திருக்கலாம்” என்று வாதிட இடமிருக்கிறது. “நான்காவதாக ஏன் வரவில்லை?” என்று கேட்க இடம் குறைந்துவிட்டது.

விதி சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் தாளே முடிவு. காயம்பட்ட குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக டெவால்ட் பிரெவிஸை 2.2 கோடிக்குச் சென்னை எடுத்தது. கூடுதல் பணம் தரத் தயாராக இருந்துதான் அவரைப் பிடித்தார்கள் என்ற பொருளில் அஸ்வின் தன் யூடியூப் சேனலில் பேச, 2025 ஆகஸ்டில் அணி மறுப்பு அறிக்கை வெளியிட்டது. மாற்று வீரரின் சம்பளம், காயம்பட்டவரின் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. குர்ஜப்னீத்தின் ஏல விலையும் 2.2 கோடிதான். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதைப் பார்க்காமல் பல நாள் சண்டை நடந்தது.

8. ரன் ரேட்டில் கவனம்

புள்ளியும் வெற்றி எண்ணிக்கையும் சமமானால் நெட் ரன் ரேட்டால் பிரிப்பார்கள். எடுத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, அதிலிருந்து கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். ஆல் அவுட் ஆனால் ஆடிய ஓவரை எடுக்காமல் முழு 20 ஓவராக எடுக்க வேண்டும். கைக்கணக்கு தப்புவது பெரும்பாலும் இதில்தான். 2024 மே 18 அன்று பெங்களூருவின் 218-ஐத் துரத்திய சென்னை, தோற்றாலும் 201 எடுத்தால் பிளே ஆஃப் போயிருக்கும், 191-இல் நின்றது. அந்த சீசனை ‘நிர்வாகத் தோல்வி’ என்று முழுசாக எழுதும் முன் அந்தப் பத்து ரன்னை நினைவில் வையுங்கள்.

9. எப்போது பேசுவது

தோற்ற இரவில் வேண்டாம். பந்து வாரியான விவரத்தைப் பார்க்காமல் எல்லோரும் பேசும் நேரம் அது. அணித்தேர்வு பற்றிய கேள்விக்கு மறுநாள் மாலை சரி. காயம் சம்பந்தப்பட்டதென்றால் அணியின் அறிவிப்பு வரும்வரை பொறுங்கள். ஏலம் பற்றிய மதிப்பீட்டை இரண்டு தடவை எழுதுங்கள்: ஏலம் முடிந்த அன்று ஒன்று, சீசன் முடிந்து ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இரண்டாவதை எழுதும்போது முதலாவதை அழிக்கக் கூடாது.

10. ஐந்து கட்டம் கொண்ட வரி

ஒவ்வொரு முடிவுக்கும் நோட்டில் ஒரு வரி. கட்டங்கள் ஐந்து: தேதி, முடிவு, அன்று தெரிந்தவை, விலையோடு மாற்று, எது நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டால் மற்ற நான்கும் வீண். பின்னால் எது நடந்தாலும் “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆகிவிடும்.

ஒன்றை நிரப்பிக் காட்டுகிறோம். தேதி: 2025 டிசம்பர் 16, அபுதாபி மினி ஏலம். முடிவு: சர்வதேச ஆட்டம் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரும் தலா 14.20 கோடி. அன்று தெரிந்தவை: அடிப்படை விலை தலா 30 லட்சம், பர்ஸ் 43.40 கோடி, அதில் 28.40 இருவருக்கே போனது. ஜடேஜா இடமும் கீழ்வரிசை அதிரடி இடமும் காலி. மாற்று: அன்று இவர்களுக்குப் பிறகு ஏலத்துக்கு வந்து, மீதிப் பணத்துக்குள் அடங்கிய ஆல்ரவுண்டர் இருவரின் பெயரும் அவர்கள் போன விலையும். அந்த இரண்டு பெயரை நீங்கள்தான் ஏலப் பட்டியலைப் பார்த்து எழுத வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் ஓர் ஆட்டத்தின் ஸ்கோரை எழுதாதீர்கள். எத்தனை ஆட்டத்தில் பிளேயிங் லெவனில் இடம், எந்தக் கட்ட ஓவர்களில் என்ன ஸ்ட்ரைக் ரேட், எத்தனை பந்துக்குப் பிறகு தீர்ப்பு என்று எண்ணாக எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போடுங்கள்.